முகமறி வாசல்

ஒரு சிங்கம் தன் குகை வாசலில் கழுகு ஒன்றைக் காவலுக்கு அமர்த்தியது. தெரியாத முகம் எதையும் உள்ளே விடக் கூடாது என்பது உத்தரவு. ஒருநாள் பெருமழையில் நனைந்து, பிடரி மயிர் கழுத்தோடு ஒட்டிப்போய், பூனையைப் போல் திரும்பி வந்த சிங்கத்தைக் கழுகு தடுத்தது. சிங்கம் ஓர் அறை அறைந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. விலங்குகளின் கதைகள் இப்படிச் சுருக்கமாக முடிந்துவிடுகின்றன. மனிதர்களின் கதையில் அறையப்பட வேண்டியவர் யார் என்று கண்டுபிடிக்கவே ஒரு குழு அமைக்க வேண்டியிருப்பதால், அவை சற்று நீள்கின்றன.

ஒரு நகரத்தின் பெரிய மருத்துவமனையில் வாய்ப் புற்றுநோய்க்கும் முகச் சீரமைப்புக்கும் தனியாக ஒரு கட்டடம் இருந்தது. அங்கிருந்தவர்கள் நோயை வெட்டி எடுப்பதில் கைதேர்ந்தவர்கள். எடுத்த இடத்தில் காலிலிருந்து எலும்பையும் தோலையும் கொண்டுவந்து ஒட்டவைப்பதில் அதைவிடக் கைதேர்ந்தவர்கள். இதில் மிகை ஏதும் இல்லை. அதன் தலைமை நிபுணரை அனைவரும் சிற்பி என்றே அழைத்தனர். அப்பெயரை முதலில் சொன்னவர் அவரேதான் என்பது மறந்துபோகும் அளவுக்கு அது பழகிவிட்டிருந்தது.

அந்த ஆண்டு, கட்டடத்தின் முன்புறத்தில் முகமறி வாசல் பொருத்தப்பட்டது. இரண்டு கண்ணாடிக் கதவுகள், நெற்றி உயரத்தில் ஒரு காமிரா, தேனில் தோய்த்தெடுத்த ஒரு பெண் குரல். பதிவு செய்துகொண்ட நோயாளி எதிரே வந்து நின்றால் கதவு தானே திறக்கும். உறவினர் எவரும் நோயாளியுடன்தான் உள்ளே வரலாம் என்பது விதி. திறப்பு விழாவில் சிற்பி பேசினார்.

"அட்டை தொலைந்து போகும். எண் மறந்து போகும். ஆனால் முகத்தை வீட்டிலே வைத்துவிட்டு வந்தவர் எவரேனும் உண்டா? மனிதனிடம் மாறாத ஒன்று உண்டென்றால் அது அவனுடைய முகம்தான்."

இருபத்தாறு ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரு முகம் வீதம் மாற்றிக்கொண்டிருந்தவர் இதைச் சொன்னார். அரங்கம் கை தட்டியது. அந்த விழாவைப் படமெடுத்தவரும் கை தட்டியிருப்பார். இரு கைகளிலும் காமிரா இருந்தது.

அந்தப் படக்காரரின் கடை மருத்துவமனைக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தால் வந்துவிடும். அடையாள அட்டைக்கும் விண்ணப்பங்களுக்கும் படமெடுப்பது அவர் தொழில். முப்பத்தோரு ஆண்டுகளாக அந்நகரத்தாரில் பாதிப் பேரிடம் "முகத்தை நேரா வைங்க, மோவாயக் கொஞ்சம் எறக்குங்க" என்று சொல்லி வந்தவர். பழைய நாட்களில் படம் கழுவும் இருட்டறையில் பீடி பற்றவைத்தால் சுருள் முழுவதும் பாழாகிவிடும் என்பதால், அவர் புகையிலையை இடக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளப் பழகினார். பின்னர் இருட்டறை போய்க் கணினி வந்தது. புகையிலை மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை.

அந்த இடத்தில்தான் ஒரு புண் வந்தது. மூன்று மாதம் ஆறவில்லை. கன்னம் வெளியே புடைத்தது. எதிர்க் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்; பதிவுக்கு ஒரு படம் கேட்டார்கள். தம் கடையிலேயே காமிராவை முக்காலியில் நிறுத்தித் தம்மைத் தாமே எடுத்துக்கொண்டார். பிறகு, வாடிக்கையாளர் எவருக்கும் செய்வதையே தமக்கும் செய்தார். புடைப்பை அழுத்தினார். சுருக்கங்களைத் துடைத்தார். மீசையில் நரைத்த நான்கு மயிரைக் கறுப்பாக்கினார். இவற்றில் எதையும் அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

மனைவி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "யாரு இது? உங்க தம்பியா?"

"அட்டைக்குத்தானே," என்றார் படக்காரர்.

அறுவை சிகிச்சை பதினோரு மணி நேரம் நடந்தது. கீழ்த்தாடையின் இடப் பாதியும், கன்னத்தின் உட்புறமும், கழுத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளும் எடுக்கப்பட்டன. காலின் பக்கவாட்டிலுள்ள மெல்லிய எலும்பு ஒன்று அறுக்கப்பட்டு, மூன்று துண்டுகளாக மடக்கப்பட்டு, தாடையாக்கப்பட்டது. அதோடு வந்த கெண்டைக்கால் தோல் கன்னமாயிற்று. மறுநாள் சிற்பி மாணவர்கள் புடைசூழ வந்தார்.

"நடந்துக்கிட்டு இருந்த எலும்பு. இனிமே மெல்லப் போகுது. எப்படியிருக்கு?"

தொண்டையிலும் மூக்கிலும் குழாய் இருந்ததால் படக்காரர் கருத்துச் சொல்லவில்லை.

முகம் வீக்கம் வடிந்தபோது ஒரு பக்கம் உள்வாங்கியும் ஒரு பக்கம் தடித்தும், வாய் காதை நோக்கிச் சாய்ந்தும் நின்றது. கன்னத்து ஒட்டில் காலின் மயிர் முளைத்தது. "தலையில வராததெல்லாம் கன்னத்துக்குள்ள வருது," என்றார் மனைவி. படக்காரர் சிரித்தார், சிரித்தது ஒரு பக்கத்தில் மட்டும் தெரிந்தது. பேச்சு குழறியதால் ஒரு சிலேட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பயிற்சி மருத்துவர், இளம்பெண், கட்டிலருகே உட்கார்ந்து ஒன்றை மூன்று முறை சொன்னார்.

"முக்கியமானது இனிமேதான். கதிர்வீச்சு குடுக்கணும், நீங்க கரண்டு வைக்கிறதுன்னு சொல்வீங்களே, அது. மூணாவது வாரம் வந்து காட்டுங்க. ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சே ஆகணும். தள்ளிப்போட்டா கழுத்துல திரும்ப வந்துரும். வந்துட்டா அப்புறம் எங்க கையில ஒண்ணுமே இல்ல. புரியுதாம்மா?"

"ஆறு வாரம்," என்றார் மனைவி. படக்காரர் அதைச் சிலேட்டில் எழுதினார்.

மூன்றாம் வாரம், குறித்த நாளில், குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே இருவரும் சாலையைக் கடந்தார்கள். முன்னே போன ஒருவரிடம் வாசல், "நல்வரவு. தாங்கள் நான்கு நிமிடம் முன்னதாக வந்திருக்கிறீர்கள். நன்றி," என்றது. படக்காரர் எதிரே நின்றார். வாசல் சிறிது நேரம் யோசித்தது.

"முகம் பொருந்தவில்லை. தயவுசெய்து தங்கள் முகத்துடன் வரவும்."

காவலாளி எழுந்து வந்தார். "முகத்தை நேரா வைங்க சார்."

முப்பத்தோரு ஆண்டுகளில் முதன்முறையாக இந்த வாக்கியத்தின் மறுமுனையில் நின்ற படக்காரர், தம்மால் ஆனவரை நேராக வைத்தார்.

"முகம் பொருந்தவில்லை."

"நேரா வைக்கிற மாதிரியா வச்சு அனுப்புனீங்க?" என்றார் மனைவி. "இங்கதான வெட்டுனீங்க. இங்கதான தச்சீங்க."

"நான் வெட்டலம்மா. நான் வாசல் மட்டும்தான்." காவலாளி நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் கொட்டகையில போய் உட்காருங்க. உங்கள மாதிரி பத்துப் பேரு இருக்காங்க. ஃபேன் போட்டிருக்கு."

கொட்டகையில் 'முகம் பொருந்தாதோர் காத்திருக்கும் இடம்' என்று பலகை இருந்தது. புதிதாக நோய் கண்டவர்கள் தடையின்றி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இங்கு உட்கார்ந்திருந்தவர்கள் அனைவரும் சிகிச்சை பெற்றவர்கள். எவ்வளவுக்கெவ்வளவு பெரிய சிகிச்சையோ அவ்வளவுக்கவ்வளவு உறுதியாக வாசல் அவர்களை மறுத்திருந்தது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். பாதி நாக்கு போயிருந்ததால் அவர் பேச்சு மெதுவாக, இடறி இடறி வந்தது.

"புதுசா? உக்காருங்க. நான் அஞ்சு மாசமா வரேன். ஆரம்பத்துல கோவம் வரும். அப்புறம் பழகிரும்."

கொட்டகையின் கோடியில் ஒரு சன்னல். அதற்குப் பின்னே சரிபார்ப்பு அதிகாரி இருந்தார். அவர் எவரிடமும் எரிந்து விழுந்தவரல்லர். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பவரின் கனிவோடு மறுத்தார்.

"முகம் மாறியிருக்குன்னா, மாத்துன துறை எழுதிக் குடுக்கணும்மா."

"அந்தத் துறை எங்க இருக்கு?"

"உள்ள."

"உள்ள போகறதுக்கு?"

"முகம் பொருந்தணும்."

மனைவி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "சரிங்க. நீங்களே ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன். இவருக்கு ஆறு வாரத்துக்குள்ள கரண்டு வைக்கணும். மூணு வாரம் போயிருச்சு."

"தாராளமா. கைச்சீட்டு போட எனக்கு அதிகாரம் இருக்கு." அவர் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். மீண்டும் தட்டினார். "ஆனா இவர் உள்ளதானே இருக்காரு?"

"எவரு?"

"இவருதான். இந்த எண் உள்ள இருக்குன்னு காட்டுது." இன்னும் கொஞ்சம் தட்டிய பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஆங். தாடை. வெட்டி எடுத்த தாடை மாதிரிக்கூடத்துல ஜாடியில இருக்கு. இவரு எண்ணுலதான் இருக்கு. ஒரே ஆளை ரெண்டு தடவ உள்ள விட முடியாதும்மா. தாடை வெளிய வந்தாத்தான் இவரு உள்ள போகலாம்."

"அப்ப அந்தத் தாடைக்காவது கரண்டு வைங்க."

"அதுக்கு டாக்டர் எழுதணும்," என்றார் அதிகாரி, சிரிக்காமல்.

கடைசியில் அவர் ஒரு படிவத்தைத் தந்தார். முகமாற்றப் பதிவு விண்ணப்பம். எந்தத் திருத்தமும் செய்யாத புதிய படம் ஒன்றை இணைக்க வேண்டும். குழு கூடி முடிவெடுக்கும். எப்போது கூடும் என்பதைக் குழு கூடி முடிவெடுக்கும்.

படக்காரர் கடைக்கு வந்து முக்காலியை நிறுத்தினார். எடுத்த முகம் கணினித் திரையில் வந்ததும் கை பழக்கத்தில் சாய்ந்த வாயின் ஓரத்துக்குப் போயிற்று. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு படத்தை எடுத்தபடியே அச்சிட்டார். அதை உறையிலிட்டுச் சன்னலில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

நான்காம் வாரம் தம்பி வந்தார். வெளியூரில் மோட்டார் பழுது பார்ப்பவர், அண்ணனைவிடப் பதினோரு வயது இளையவர், எதிலும் முந்திக்கொள்ளாதவர். அண்ணனின் முகத்தைப் பார்த்து வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு, "நான் போய்க் கேட்டுட்டு வரேன் அண்ணி. வாசல்ல நிக்கிறவங்ககிட்ட நயமாப் பேசுனா விடுவாங்க," என்றார்.

அண்ணனையும் அண்ணியையும் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனவருக்கு நயமாகப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. எதிரே போய் நின்றதுமே கதவு திறந்தது.

"நல்வரவு. தாங்கள் ஒரு வாரம் தாமதமாக வந்திருக்கிறீர்கள். தலைமை நிபுணர் காத்திருக்கிறார்."

வாசல் முகத்தை மட்டும் பார்க்கும். அலுவலகம் எண்ணை மட்டும் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை. இரண்டு பணியாளர்கள் தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்ச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிற்பி வாயைத் திறக்கச் சொன்னார். மூன்று விரல் நுழையும் அளவு திறந்தது. நான்கும் நுழைந்தது. விளக்கைக் கிட்டே இழுத்தார்.

"தழும்பு எங்கே?" என்றார், தமக்குள்.

"சார், நான் தம்பி," என்றார் தம்பி. "அண்ணன் வெளிய கொட்டகையில நிக்கிறாரு. அவருக்குத்தான் கரண்டு வைக்கணும்."

சிற்பி மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கவனிங்க. முகத்தை இழந்தவங்க புது முகத்தைத் தன்னோடதுன்னு ஒத்துக்க மாட்டாங்க. வேற யாரோட முகமோன்னு சொல்லுவாங்க. இவரு தம்பி முகம்னு சொல்றாரு. மறுப்பு நிலை. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்.

"சார், காலைப் பாருங்க சார்." தம்பி கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். "எலும்பு எடுத்த தழும்பு இல்ல பாருங்க. சத்தியமா நான் தம்பி சார்."

சிற்பி குனிந்து காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. "காலும் ஆறிடுச்சு," என்றார். "இருபத்தாறு வருஷம். இந்த ஒரு முகத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

பின்வரிசையில் நின்ற அந்தப் பயிற்சி மருத்துவர், "சார், இவர் அந்த..." என்று தொடங்கினார்.

"இந்தத் துறையில தொடரணும்னு ஆசை இருக்கா உங்களுக்கு?" என்று சிற்பி அன்போடு விசாரித்தார்.

பயிற்சி மருத்துவர் தரையைப் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது.

"கதிர்வீச்சு எப்ப சார் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார் இன்னொருவர்.

"இந்த முகத்துக்கா? கதிர் பட்டா தோல் கருகும், தாடை இறுகும். என் வேலை என்ன ஆகறது? நோய் இருந்த அடையாளமே இல்ல. தேவையில்லைன்னு எழுதுங்க. முழுக் குணம். ஒன்பதாவது வாரம் மாநாடு. அதுவரைக்கும் இவரை வெயில்ல விடாதீங்க."

தம்பி வெளியே வந்தபோது கையில் ஒரு பூச்செண்டு இருந்தது. அண்ணனிடம் அதை நீட்டவும் முடியாமல், கீழே போடவும் முடியாமல் நின்றார். "நான் சொல்லிப் பாத்தேண்ணே," என்றார். "சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க."

ஐந்தாம் வாரம் அவர்கள் வேறு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஆபரேஷன் பண்ணின இடத்தில் குறிப்பு வாங்கி வரச் சொன்னார்கள். குறிப்பைக் கணினியிலேயே வரவழைத்தும் பார்த்தார்கள். முழுக் குணம் என்றிருந்தது. குணமானவருக்குச் சிகிச்சை கொடுக்க அவர்கள் சட்டத்தில் இடமில்லை.

ஆறாம் வாரத்தின் கடைசி நாள், படக்காரர் தம் பழைய படத்தை, மீசை கறுத்து, கன்னம் ஒழுங்காக இருந்த அந்தப் படத்தை, ஆளளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்டார். அட்டையில் ஒட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, குச்சி ஒன்றைச் செருகினார். தொழில் தெரிந்தவர் என்பதால் விளிம்புகள் சுத்தமாக இருந்தன. அதை முகத்துக்கு முன் பிடித்தபடி சாலையைக் கடந்தார்.

"நல்வரவு," என்றது வாசல்.

காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி பின்தொடர, அட்டைமுகம் தாழ்வாரத்தில் நடந்தது. எதிர்ப்பட்டவர்கள் வணக்கம் சொன்னார்கள். கதிர்வீச்சு அறையின் கதவருகே வந்ததும் படக்காரர் அட்டையைக் கீழே இறக்கினார். இயந்திரத்தை இயக்குபவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யாரு நீங்க?"

படக்காரர் சிலேட்டைக் காட்டினார். 'நான்தான். இன்று கடைசி நாள்.' கீழே எண்ணும் இருந்தது.

இயக்குபவர் எண்ணைப் பதிவேட்டில் தேடினார். விரல் ஒரு வரியில் நின்றது. "இந்த எண்ணுல வந்தவரு குணமாயிட்டாரு."

"ஆகலைங்க, பாருங்க இவர," என்றார் மனைவி.

"அதத்தான் சொல்றேன். அவரு குணமாயிட்டாரு. இவரு ஆகல. அப்ப இவரு அவரு இல்ல. அதோட, இவரு முகம் பதிவுல இருக்குற முகம் இல்ல. அந்த முகத்தக் கையில வேற வச்சிருக்காரு." அவர் தொலைபேசியை எடுத்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. தப்பான ஆளுக்குக் கரண்டு வச்சுட்டா அப்புறம் நாங்கதான் பதில் சொல்லணும்."

அன்று மாலைக்குள் இருவரும் வெளியே விடப்பட்டார்கள். அட்டைமுகம் பறிமுதல் செய்யப்பட்டது. நடந்ததை விசாரிக்க ஒரு குழு அவசரமாகக் கூடியது. இது கூடுவதற்குத் தாமதமே ஆகவில்லை. குழு மூன்று முடிவுகளுக்கு வந்தது. முதலாவது, வாசல் மிகச் சிறப்பாக இயங்குகிறது. அட்டையில் வந்தபோதும் சரியான முகத்தை அது அடையாளம் கண்டுகொண்டது. இரண்டாவது, குணமடைந்த நோயாளி ஒருவரின் முகத்தை அயலார் ஒருவர் முறைகேடாகப் பயன்படுத்தியிருக்கிறார். மூன்றாவது, மேற்படி குணமடைந்த நோயாளிக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் அனுப்பப்பட வேண்டும்.

கடிதம் படக்காரரின் வீட்டுக்கு வந்தது. தங்கள் முகம் பத்திரமாக உள்ளது என்று எழுதியிருந்தார்கள்.

எட்டாம் வாரம் சட்டைப் பொத்தான் போடும்போது மனைவியின் விரலில் ஏதோ இடறியது. கழுத்தின் இடப்புறம், காதுக்குக் கீழே, ஒரு கோலிக்குண்டு அளவு. மனைவி பொத்தானைப் போட்டு முடித்தார்.

ஒன்பதாம் வாரம் மாநாடு. பல நாடுகளிலிருந்து நிபுணர்கள் வந்திருந்தார்கள். படமெடுக்க ஆள் வேண்டும் என்று மருத்துவமனை எப்போதும் போல எதிர்க் கடைக்குச் சொல்லியனுப்பியது. எந்தக் கடை என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். யாருடையது என்று கேட்கும் வழக்கம் இல்லை. கருவிகளோடு வருபவர்கள் சமையலறைப் பக்கமிருந்த வாசல் வழியே வர வேண்டும். காய்கறி மூட்டைகளுக்கு முகம் இல்லாததால் அங்கே காமிரா வைக்கப்படவில்லை. ஆறு வாரமாகச் சொந்த முகத்தோடு முடியாதது ஆறு நொடியில் முடிந்தது. படக்காரர் உள்ளே இருந்தார்.

கோலிக்குண்டு அதற்குள் எலுமிச்சை அளவாகியிருந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். சிலேட்டில் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: 'கழுத்தில் கட்டி. தயவுசெய்து தொட்டுப் பாருங்கள்.'

கூட்டம் தொடங்குமுன் சிற்பியைச் சுற்றி இளம் மருத்துவர்கள் புத்தகங்களை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். படக்காரர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் துண்டை விலக்கிச் சிலேட்டை நீட்டினார். சிற்பி பக்கத்திலிருந்த வெளிநாட்டு விருந்தினரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடியே அதை வாங்கி, கட்டி என்ற சொல்லின்மேல் பெரிதாகக் கையெழுத்திட்டு, திருப்பிக் கொடுத்தார்.

பிறகு மேடை. தம்பி புதுச் சட்டையில் நடுவே உட்கார வைக்கப்பட்டிருந்தார். கார் அனுப்பி அழைத்து வந்திருந்தார்கள். அண்ணனைப் பற்றிக் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் அவர் வந்தார். கையில் ஒலிவாங்கி கிடைத்தால் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவதாக அண்ணியிடம் சத்தியம் செய்திருந்தார். ஒலிவாங்கி சிற்பியிடம் இருந்தது.

"நண்பர்களே, பழுது பார்ப்பவன் பழுது தெரியாதபடி பார்ப்பான், கலைஞனோ, பழுதே நேரவில்லை என்று தோன்றும்படி பார்ப்பான். இம்மனிதரின் இடத் தாடை எம் மாதிரிக்கூடத்தில் ஜாடியில் இருக்கிறது. அதை நீங்கள் காணலாம். இவருடைய முகமும் இதோ இருக்கிறது. இவ்விரண்டையும் பார்த்த எவரும் இவை ஒரே மனிதருடையவை என்று நம்ப மாட்டார்கள். அதுதான் எம் வெற்றி. ஒரு முகத்தைப் பார்த்தால் அதன் துன்பம் எனக்குத் தெரிந்துவிடும். அதற்கு எனக்குக் கருவிகள் தேவையில்லை."

தம்பி எழுந்தார். "ஐயா, நான் அவரு இல்ல. அவரு அதோ, காமிரா புடிச்சிக்கிட்டு..." நின்றபடியே தேம்பினார்.

"நன்றிப் பெருக்கு," என்று சிற்பி விருந்தினர்களுக்கு விளக்கினார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

குழுப்படத்துக்காக எல்லோரும் வரிசையில் நின்றார்கள். படக்காரர் காமிராவைக் கண்ணிலிருந்து எடுத்து வரிசையைச் சரிபார்த்தார். அப்போதுதான் சிற்பி அவரை முதன்முறையாகப் பார்த்தார். உதவியாளரிடம் குனிந்து சொன்னார். ஒலிவாங்கி அணைக்கப்படாததால் எல்லோருக்கும் கேட்டது.

"அந்தப் படக்காரரைத் தூண் பக்கமா நின்னு எடுக்கச் சொல்லுங்க. முகம் ரொம்பக் கோரமா இருக்கு. வந்திருக்கறவங்க பாத்தா நம்ம துறையைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

படக்காரர் தூண் பக்கம் நகர்ந்தார். அங்கிருந்து வெளிச்சம் நன்றாக இருந்தது. மோவாயைச் சற்று இறக்குமாறு சிற்பிக்குக் கையால் சைகை காட்டிவிட்டு, எடுத்தார்.

கடைக்கு வந்து படத்தைத் திரையில் திறந்தார். நடுவில் தம்பியின் கன்னத்தில் ஒரு கண்ணீர்க் கோடு இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை, அதன் வழக்கப்படி, அதைத் துடைத்தது. மறுநாள் படம் கொடுக்கப்பட்டது. சட்டமிட்டு முகமறி வாசலுக்கு மேலே மாட்டினார்கள்.

அதன் பிறகு சொல்வதற்கு அதிகமில்லை. எலுமிச்சை பெரிதாகிப் பிளந்தது. படக்காரர் எட்டாம் மாதத்தில் வீட்டில் இறந்தார். கடைசி வாரங்களில் சிலேட்டில் எழுதுவதையும் விட்டுவிட்டார். அதிலிருந்த சிற்பியின் கையெழுத்தை அழிக்க வேண்டாம் என்று மட்டும் சைகை காட்டினார். ஏன் என்று மனைவிக்கு விளங்கவில்லை. தம்பி கொள்ளி வைத்துவிட்டு ஊர் திரும்பினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரும்படி மருத்துவமனையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்துகொண்டிருந்தது.

இறப்புச் சான்றிதழுக்குப் போன இடத்தில், "முழுக் குணமானவரு எப்படிம்மா செத்தாரு? அந்த ஆஸ்பத்திரியில அவரு எண்ண மூடிட்டோம்னு எழுதி வாங்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டார்கள்.

அதே வாரம் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. முகமாற்றப் பதிவு விண்ணப்பம் குழுவால் ஒருமனதாக ஏற்கப்பட்டது என்றும், புதிய முகம் உடனடியாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. படக்காரர் அன்று எடுத்தபடியே அச்சிட்ட படத்தை, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வாய் காதை நோக்கிச் சாய்ந்திருந்தது. கண்கள் நேராக இருந்தன. வீட்டில் அவருடைய வேறு எந்தப் படத்திலும் அவர் அவராக இல்லை என்பதை மனைவி அப்போதுதான் கவனித்தார்.

அந்த அம்மாள் கடிதத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். கொட்டகைச் சன்னலுக்குப் போவதற்காகத்தான் வாசலருகே நடந்தார். படம் அவர் நெஞ்சருகே, முகம் வெளிப்புறமாக இருந்தது. காமிரா திரும்பியது. கதவுகள் இரண்டும் அகலத் திறந்தன.

"நல்வரவு," என்றது தேன் குரல். "தாங்கள் முப்பத்தைந்து வாரம் தாமதமாக வந்திருக்கிறீர்கள்."

கொட்டகையில் பேருந்து ஓட்டுநர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். காவலாளி தொப்பியைக் கழற்றினார்.

"ஆமா," என்றார் அந்த அம்மாள், வாசலிடம். "கொஞ்சம் லேட்டாயிருச்சு."

"உள்ள போங்கம்மா," என்றார் காவலாளி மெதுவாக. "தெறந்திருக்கறப்பவே போயிருங்க."

அவர் படத்தை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். கணவரின் முகம் முன்னே போக, அவர் பின்னே போனார். உறவினர் எவரும் நோயாளியுடன்தான் உள்ளே வரலாம் என்பது விதி.